கூட்டிக்கொண்டு போங்கள்

நவம்பர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீயும் உன் அத்தையும் நலமா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை அதிகாரியும் நலமாக இருக்கட்டும்.

ஊர் வந்து சேர்ந்தோம். போர்நிறுத்தப் பேச்சுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். பெரிய கூடத்தில் பெரிய நாடுகள் இரண்டும் எதிரும் புதிருமாக உட்காரும். அவற்றின் பின்னால் நின்று சண்டை போட்ட நம்மைப் போன்ற சின்ன நாடுகளுக்கு வகுப்பறைகள். நமக்கு வாய்த்தது ஒன்றாம் வகுப்பு. நம் குழுத் தலைவர் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் பதவி பார்வையாளர். கூடத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலி. பார்க்கலாம், கேட்கலாம், பேசக்கூடாது. ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு கத்தியே சம்பளம் வாங்கியவனை வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் நான் உப்புக்குச் சப்பாணி. உன் அத்தையிடம் சொல், சிரித்தாவது நான் கிளம்பி வந்த கோபம் தணியட்டும்.

எல்லைக்கோடு எங்கே போகும், எந்தப் பாலம் யாருக்கு என்பதெல்லாம் தலைவர் கவலை. என் கவலை உனக்குத் தெரியும். ஆற்றங்கரைச் சண்டையில் பிடிபட்ட நம் பையனும், அவனோடு பிடிபட்ட மற்றப் பிள்ளைகளும் வீடு வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் இந்தக் குளிருக்கு ஒத்துக்கொண்டேன். காலையில் ஒரு வாளி வெந்நீர் தருகிற பள்ளிக் காவலாளிக்கு என் பங்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டேன். அவர் இல்லையென்றால் குளிக்காமலே நாட்டின் மானத்தை வாங்கியிருப்பேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிகளுடன்,
மாமா


நவம்பர் 25

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகளின் வணக்கம். இங்கே நானும் அத்தையும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தாடையில் முழங்கால் இடிக்கும் இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாயைத் திறக்காம உக்கார ஆள் வேணும்னு நாடு பூரா சல்லடை போட்டு உன் மாமனாரைப் பிடிச்சாங்களா?" என்றார். நீங்களே நாலு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். "பையனைக் கூட்டிட்டு வரட்டும், அப்புறம் பேசறேன்" என்கிறார்.

டிப்போவில் வண்டி ஒதுக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. பாதி பஸ்கள் டயர் இல்லாமல் கட்டைமேல் நிற்கின்றன. டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் படையில். ஓய்வு பெற்றவர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஓட்டச் சொல்கிறோம். ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கண்டக்டர் பெண் பக்கத்தில் நின்று "அண்ணே சிவப்பு, அண்ணே பச்சை" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கு என்னால் முடிந்தது கும்பிடு ஒன்றுதான்.

உங்கள் மகன் இருக்கும் முகாமிலிருந்து நிவாரணச் சங்கம் வழியாக ஒரு அட்டை வந்தது. 'நலமாக இருக்கிறேன்' என்று அச்சடித்த வரி, கீழே கையெழுத்து. கையெழுத்து அவருடையதுதான், ஆனால் கோணலாக இருக்கிறது. குளிரில் போட்டிருப்பான் என்கிறார் அத்தை. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அட்டையை வீடு தேடி வந்து கொடுத்த சங்கத்து அம்மாவுக்குக் காபி போட்டுத் தரக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். மறுநாள் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை மாமா, அதற்குள் போனவர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே எனக்குத் தூக்க மருந்து.

வணக்கத்துடன்,
மருமகள்


டிசம்பர் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். இருமல் பரவாயில்லை. அத்தையின் முட்டிவலி எப்படி?

முதலில் சிரிப்புச் செய்தி. எங்கள் வகுப்பறைக்கு நேர் எதிரே, தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம், எதிரணியின் சின்ன நாட்டுக்காரர்கள். ஆற்றுக்கு அக்கரை ஆட்கள்தான். போருக்கு முன் நம் சந்தைக்கு வந்து போனவர்கள், பேச்சுக்கூட நம் பேச்சுதான். இரண்டு அறைக்கும் சேர்த்துத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு கரியடுப்பு. முதல் நாள் அவர்கள் அதைத் தங்கள் வாசலுக்கு நகர்த்திக்கொண்டார்கள். மறுநாள் காலை நான் சீக்கிரம் எழுந்து நம் வாசலுக்கு இழுத்துவந்தேன். அடுத்த நாள் மறுபடி அங்கே. இப்படியே ஒரு வாரம். ஒரு நாள் நான் இந்தக் காலைப் பிடித்து இழுக்க, அங்கிருந்து ஒருவர் அந்தக் காலைப் பிடித்து இழுக்க, இருவருக்கும் கை சுட்டுவிட்டது. "நடுவுல வெச்சுட்டு ரெண்டு பேரும் உக்காருவோமே" என்றார் அவர். உட்கார்ந்தோம்.

அவர் பல் டாக்டர். ஊராரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகினவர். அவரையும் வாயைத் திறக்காத பார்வையாளராகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிறார். கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுவிட்டதாம்.

இனிச் சிரிப்பில்லாத செய்தி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கைதிகளைப் பற்றி ஒரு வரைவு தயாராகியிருக்கிறது. பெரிய நாடுகளின் கைதிகள் முதல் நாளிலிருந்தே பரிமாறப்படுவார்கள். உடன் நின்ற நாடுகளின் கைதிகள், எல்லைக் குழு தன் வேலையை முடித்த பிறகு. எல்லைக் குழு என்றைக்கு முடிப்பது? வருஷக்கணக்கில் இழுக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் இருப்பது அக்கரை முகாமில், அவர்கள் பிள்ளைகள் இருப்பது நம் முகாமில். நாமே பேசி விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெரியவர்கள் கையெழுத்தில்லாமல் சின்ன நாடு ஒரு கைதியைக்கூட விடக்கூடாது.

நம் அணியின் பெரிய நாட்டுக்காகக் கூடத்தில் உட்காரும் பெரியவரிடம் தலைவரும் நானும் போய்ச் சொன்னோம். தோளில் தட்டி "பார்க்கலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தையை இங்கே வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் நான் விடமாட்டேன் அம்மா.

ஆசிகளுடன்,
மாமா


டிசம்பர் 20

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இருவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் எழுதுகிறேன். அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சண்டைக்குக் கூப்பிடும்போது முதல் வரிசை, வீட்டுக்கு அனுப்பும்போது கடைசிப் பந்தியா மாமா? டிப்போவில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு நாலாம் நம்பர் வண்டியை ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்குப் போட்டுவிட்டேன். ஃபோர்மேன் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு, "வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போகவில்லை. வீட்டில் அத்தையின் முகத்தைப் பார்ப்பதைவிட டயர் இல்லாத வண்டியைப் பார்ப்பது சுலபம். ஆனால் அவர் சொன்னதை மறக்க மாட்டேன்.

எல்லைக் குழு முடிக்கும்வரை என்றால் அந்தக் குளிரில், அந்தச் சாப்பாட்டில் அவர் தாங்க வேண்டும். அந்தக் கோணல் கையெழுத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பேசக்கூடாது என்றால் பேசாமலே ஏதாவது செய்யுங்கள். நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன், மன்னியுங்கள்.

அத்தை கேட்கச் சொன்னது: "அந்தப் பல் டாக்டருக்குப் பிள்ளைகுட்டி உண்டா? அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து இவர் பாட்டுக்கு நம்ம ரகசியத்தையெல்லாம் உளறிடப் போறார்."

வணக்கத்துடன்,
மருமகள்


ஜனவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். அத்தை சாப்பிடாவிட்டால் நான் இங்கே சாப்பிட மாட்டேன் என்று சொல். நம்ப மாட்டாள், ஆனாலும் சொல்.

அவள் கேள்விக்குப் பதில். டாக்டருக்கு ஒரே பையன். படிப்பைப் பாதியில் விட்டுப் படைக்குப் போனவன், நம் முகாமில் இருக்கிறான். இது தெரிந்த அன்று கொஞ்ச நேரம் இருவரும் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தோம். பிறகு அவர், "உங்க முகாம்ல பசங்களுக்கு வயித்துக்குப் போடறாங்களா?" என்று கேட்டார். போடுகிறார்கள் என்றேன். நானும் அதையே திருப்பிக் கேட்டேன். அவரும் போடுகிறார்கள் என்றார். இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் அப்படிச் சொன்னதற்கு நான் நன்றியோடு இருந்தேன், அவரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

அவருடைய பெரியவரும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறாராம். இருவரும் அவரவர் பெரியவர் மாதிரி தோளில் தட்டிக் காட்டிச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது ஒரு யோசனை வந்தது. அவருக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அதை எழுத முடியாது. தணிக்கை அதிகாரி தன் வேலையைச் செய்ய வேண்டியிருக்கும், அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

இதை மட்டும் எழுதலாம். நேற்று நம் பெரியவரிடம் போய்ப் புதுவிதமாக ஒன்று சொன்னேன். முதல்முறையாக அவர் என் தோளில் தட்டவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நம்பிக்கையோடு இரு.

ஆசிகளுடன்,
மாமா


ஜனவரி 18

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இருவரும் நலம், இந்த முறை நிஜமாகவே. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார் என்ற வரியை அத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

இந்தப் பொட்டலத்தில் இரண்டு ஜோடிக் கம்பளிக் கையுறை இருக்கிறது. ஒன்று உங்களுக்கு. மற்றது யாருக்கு என்று அத்தை சொல்லவில்லை. "மாமாவுக்குக் கை ரெண்டுதானே?" என்று கேட்டால், "அடுப்பு சுட்ட கை நாலு" என்றார். எதிரணிக்காரருக்கு உறை பின்னினோம் என்று தெரிந்தால் எங்களைப் பிடித்துப்போவார்களா? தணிக்கை ஐயா, உங்களுக்கும் ஒரு ஜோடி வேண்டுமானால் முகவரி அனுப்புங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த டாக்டரின் பையன் நம் முகாமில் என்று எழுதியிருந்தீர்கள். முகாம் பக்கம் போகும் பஸ் என் டிப்போ வண்டிதான். ரொட்டியாவது கொடுத்தனுப்பலாமா என்று முகாம் வாசல் காவலரிடம் கேட்டுப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றார். எங்கள் வீட்டுப் பையனும் அங்கே இப்படித்தான் இருக்கிறான் என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டாம். கொடுக்க முடிந்த அன்று சொல்லலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைவாய்ப் பல்லையும்தான்.

வணக்கத்துடன்,
மருமகள்


பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். உறைகள் வந்தன. அளவு சரியாக இருக்கிறது.

இன்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று எழுத முடியாது. நாளைக் காலை கூடம் கூடும்போது அதன் பலன் தெரியும். பலன் கெட்டதாக இருந்தால் உனக்கு என்மேல் கோபம் வரும். வந்தால் அது நியாயமான கோபம்தான், அடக்கிக்கொள்ளாதே.

இதை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

மாமா


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? உங்கள் சின்னக் கடிதத்துக்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஆசி என்ற வார்த்தைகூட இல்லாமல் நீங்கள் கடிதம் முடித்து நான் பார்த்ததில்லை.

அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. தபால் வந்ததா என்று கேட்டார், பனியால் ரயில் தாமதம் என்றேன். ரயில் தாமதமில்லை என்பதை நம் நேர் எதிர்வீட்டில் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி வந்து உளறிவிட்டுப் போனாள். அன்று அத்தையே சமைத்து எனக்குப் பரிமாறினார்.

எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை மாமா. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் என்ன செய்திருந்தாலும் எங்களுக்காகத்தான் செய்திருப்பீர்கள். அவருக்கு முடியவில்லை என்று ஏதாவது செய்தியா? அதையாவது எழுதுங்கள். டாக்டர் எப்படி இருக்கிறார்? உறை அவருக்குச் சரியாக இருந்ததா என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

ஒரு வரி போதும்.

வணக்கத்துடன்,
மருமகள்


மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

உட்கார்ந்து படி. அத்தையையும் உட்கார வை.

கையெழுத்தாகிவிட்டது. சின்ன நாடுகளின் கைதிகளும் பெரிய நாட்டுக் கைதிகளோடு சேர்ந்து, முதல் நாளிலிருந்தே திரும்புவார்கள். எல்லைக் குழு முடிக்கும்வரை என்ற பேச்சே இல்லை. நம் பையனுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. வலது கையில் இரண்டு விரல் குளிரில் போய்விட்டதாம், மற்றபடி நடக்கிறான், சாப்பிடுகிறான். கோணல் கையெழுத்துக்குக் காரணம் அதுதான்.

முடிவு தெரியும்வரை எழுதக்கூடாது என்று எங்கள் எல்லோருடைய தபாலையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். உன்னைக் கலங்க வைத்ததற்கு வருந்துகிறேன்.

எல்லையிலிருந்து பிள்ளைகளை அழைத்துவர உன் டிப்போவுக்கு உத்தரவு வரும். கட்டைமேல் நிற்கும் வண்டிகளையெல்லாம் இறக்கு. டயருக்கு யார் காலில் விழ வேண்டுமோ விழு. அந்தக் கண் தெரியாதவரை மட்டும் அனுப்பாதே. என்னை எல்லைக் குழுவில் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் இப்போதைக்கு வர முடியாது. நீ போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா.

தலைவர் பெஞ்சிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்தார். எல்லோரும் கை தட்டினோம்.

நிறைந்த ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 29

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கோடி வணக்கம். வந்துவிட்டார். பக்கத்து அறையில் தூங்குகிறார். இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் வண்டியில் என்னையே ஒதுக்கிக்கொண்டேன். ஃபோர்மேன், டயர்களை எங்கிருந்து கொண்டுவந்தாரோ தெரியாது, கேட்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாலத்தின் இந்தப் பக்கம் நம் பஸ்கள், அந்தப் பக்கம் அவர்களுடையவை. நம்மவர்கள் நடந்து வர, அவர்கள் பிள்ளைகள் நம் பக்கத்திலிருந்து நடந்து போனார்கள். நடுப்பாலத்தில் ஒருவரையொருவர் கடந்தார்கள். ஒரு பையன் மட்டும் நம் பையன் ஒருவனுக்குத் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இவர் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "நீயா பஸ் ஓட்டப்போறே?" என்பதுதான். இல்லை, டிரைவர் இருக்கிறார் என்றேன். "அப்ப சரி" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வழி நெடுக என் முந்தானை நுனியை அந்த மூன்று விரலால் பிடித்துக்கொண்டே வந்தார். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய் அழுதுகொண்டே சமைத்தார்.

இது உங்களால் மாமா. நீங்கள் அங்கே இருந்ததால் இவர் இங்கே இருக்கிறார். எனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டாக்டரின் பையனும் இதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். பாலத்தில் போனவர்களில் அவன் எவனோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவரிடம் எங்கள் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். இரண்டு கடிதமாக அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே, ஏன்? ஏதாவது மனஸ்தாபமா?

நன்றியோடும் வணக்கத்தோடும்,
மருமகள்


ஏப்ரல் 10

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த அதிகாரியைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் பழகின ஒருவர் வேலை மாறிப் போனது போலிருக்கிறது. இனி எல்லாவற்றையும் எழுதலாம்.

உன் நன்றியை நான் வைத்துக்கொள்ள முடியாது. அது போக வேண்டிய வீடு வேறு.

தாழ்வாரத்து அடுப்போரம் டாக்டரும் நானும் போட்ட திட்டம் இதுதான். எங்கள் பிள்ளைகளைக் கொடுங்கள் என்று நாங்கள் கெஞ்சினால் பெரியவர்கள் காதில் ஏறாது. எதிராளியை மடக்க ஒரு வழி என்று சொன்னால் உடனே ஏறும். அதனால் நான் நம் பெரியவரிடம் போய், "அக்கரை ஆளுங்களுக்கு நாங்க எதுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கணும்? முதல் நாளே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன். டாக்டர் தன் பெரியவரிடம் நம் பிள்ளைகளைப் பற்றி அதையே சொல்ல வேண்டும். நான் அவர் பிள்ளைக்கு, அவர் நம் பிள்ளைக்கு. முறை எங்கள் பக்கம் முதலில் வந்தது. நம் பெரியவர் கேட்டார், அந்தப் பக்கம் ஒத்துக்கொண்டார்கள். டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் முறை பிப்ரவரி 3.

முந்தின நாள் நம் முகாம் மருத்துவர் தலைவரைப் பார்க்க வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, காய்ச்சலில் போன மாதம் ஒரு பையன் இறந்துவிட்டான் என்றார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார். டாக்டரின் பையன். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார்.

மறுநாள் டாக்டர் பேசி முடித்த பிறகு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாள். அவர் மனசு உடைந்து பேசாமல் இருந்துவிட்டால் நம் பையன் அங்கேயே கிடப்பான் என்று எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் அவர் உன் அத்தையின் கம்பளி உறையைப் போட்டுக்கொண்டு, பையன் வந்ததும் மறுபடி கல்லூரியில் சேர்க்க யாரைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"கஷ்டப்பட்டானா?" என்று கேட்டார். பக்கத்தில் ஆள் இருந்தார்களாம் என்றேன். பிறகு, "நாளைக்கு நான் பேசினப்புறம் சொல்லியிருக்கலாமே. ஏன் இன்னிக்கே சொன்னீங்க?" என்றார். "உங்க பிள்ளை உசிரோட இருக்கான்னு நம்பிக்கிட்டு நீங்க என் பிள்ளைக்காகப் பேசறதை என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியாது" என்றேன். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அன்றுதான் உனக்கு அந்தச் சின்னக் கடிதத்தை எழுதினேன்.

மறுநாள் கூடத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் குனிந்து தன் பெரியவரின் காதில் ஏதோ சொன்னது மட்டும் தெரிந்தது. அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆற்றங்கரையில் பிடிபட்டவர்களை நாங்கள் வைத்துக்கொண்டிருக்க முடியாது, முதல் நாளே கூட்டிக்கொண்டு போங்கள்" என்று படித்தார்.

பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் என்னிடம் அவரே சொன்னார். "என் பையனுக்காக நீங்க பேசினீங்க. மத்த வீட்டுப் பசங்க அதனால போறாங்க. நான் ஒத்துக்கிட்டதைச் செய்யாம வீட்டுக்குப் போனா அவன் அம்மா என்னை என்னன்னு கேப்பா?" எழுந்திருக்கும்போது, கடைவாய்ப் பல்லை விட்டுவைக்க வேண்டாம், பக்கத்துப் பல்லையும் கெடுத்துவிடும் என்றார். மறுநாள் ஊர் திரும்பிவிட்டார்.

தலைவரிடம் நானே போய் உத்தரவை மீறினதைச் சொன்னேன். "நீங்க எதையும் சொல்லலை, நான் எதையும் கேக்கலை" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல் உன் புருஷனின் உயிரைப் பணயம் வைத்தவன் நான். நல்லபடியாக முடிந்தது என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது. டாக்டரின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆற்றைத் தாண்டித் தபால் போக ஆரம்பித்துவிட்டது.

ஆசிகளுடன்,
மாமா


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். மூவரும் நலம். இவருக்கு எடை கூடியிருக்கிறது. அத்தையின் முட்டிவலி போன இடம் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். பிறகு இவருக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். இவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டு இருட்டின பிறகு வந்தார். ஒரு நாள் காலை மூட்டை கட்டுங்கள் என்று முகாமில் சொன்னார்களாம். என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாதாம். காரணம் ஒரு மனுஷர் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்.

அத்தை அதுவரை தொடாத பேனாவை எடுத்தார். உங்களுக்கு இல்லை. டாக்டரின் மனைவிக்கு எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களிடம் காட்டவில்லை, உறையை ஒட்டின பிறகுதான் என்னிடம் கொடுத்தார். நானும் இவரும் டாக்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறோம். இவர் அந்த மூன்று விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார், எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தார். பையனை அடக்கம் செய்த இடம் முகாமுக்குப் பின்னால்தான் இருக்கிறது. விசாரித்துப் போய்ப் பார்த்தேன். அவர்கள் வரும்போது என் டிப்போ வண்டியில் நானே அழைத்துக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

மாமா, உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்டிருந்தால், சொல்லாதீங்க மாமா, ஒரே ஒரு நாள் பொறுங்க என்று உங்கள் காலைப் பிடித்திருப்பேன். அவர் பிள்ளை போனது போனதுதான், என் புருஷனை முதலில் கொண்டுவாருங்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருப்பேன். நல்லவளாகக் காட்டிக்கொள்ள மாற்றிச் சொல்ல மாட்டேன். இப்போதுகூட இவர் அந்த அறையில் இருமினால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நான் சொன்னபடி நீங்கள் செய்திருந்தாலும் இவர் வந்திருப்பார். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத எனக்குக் கை வந்திருக்காது. காலமெல்லாம் இவர் முகத்தைப் பார்க்கும்போது அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அதற்குத்தான் மாமா இந்த நன்றி.

என்றும் வணக்கத்துடன்,
உங்கள் மருமகள்